ஒரே இழுப்பு

ஜனவரி 9

இந்த நோட்டைக் கொடுத்தவர் எங்கள் கம்பெனியின் சேஃப்டி மேடம் பர்வீன் பானு. விபத்துக்குப் பிறகு மறுபடியும் வண்டி ஏறுகிறவர்கள் தினமும் இரண்டு வரியாவது எழுத வேண்டுமாம். உங்களுக்காக எழுதுங்கள், நாங்கள் யாரும் படிக்க மாட்டோம் என்றார். யாரும் படிக்காததை எதற்கு எழுதச் சொல்கிறார்கள்? எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது. என் காதில் பூச் சுற்ற வேண்டாம். படிக்கப் போகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

பெயர் ராக்கியண்ணன். ஊர் சங்ககிரி. டிரெய்லர் ஓட்ட ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம். அதில் கடைசி ஒன்பது வருடம் காற்றாலை இறக்கை மட்டும்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஒரு இறக்கை இருநூறு அடி. நான் ஒரு பஸ் ஸ்டாப்பைத் தாண்டிய பிறகும் அங்கே நிற்கிறவர்கள் என் வண்டி போய் முடியட்டும் என்று காத்துக்கொண்டிருப்பார்கள்.

போன மார்ச்சில் ஆலடி விலக்கு வளைவில் வண்டியின் வால் ஒரு சுவரில் போய் இடித்தது. வால்காரன் மிக்கேலின் இடது கால் நடுவில் மாட்டிக்கொண்டது. அந்த இடத்தில் வாக்கி டாக்கி வேலை செய்யவில்லை. அவன் சொன்னது எனக்கு எட்டவில்லை. நடந்தது அவ்வளவுதான். விசாரணை முடிந்து ஃபைலையும் மூடிவிட்டார்கள்.

ஜனவரி 10

நேற்று எழுதியதைத் திருப்பிப் படித்தேன். வால்காரன் என்றால் யாரென்று தெரியாதவர் முழிப்பார். ஆகவே சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு நீள வண்டியில் முன்வண்டி திரும்புகிற பக்கம் பின்சக்கரம் தானாகத் திரும்பாது. அதைத் தனியாகத் திருப்ப ஒரு ரிமோட் பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாலோடு கூடவே நடந்து வருகிறவன்தான் வால்காரன். வளைவில் எனக்குப் பின்பக்கம் தெரியாது. கண்ணாடி முழுக்க இறக்கையின் வெள்ளை வயிறுதான் இருக்கும். அவன் வாக்கியில் 'வரட்டும்' என்றால் நான் இழுக்க வேண்டும். 'நில்லுங்க' என்றால் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் அவன் பின்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி 'வரட்டும்' என்பான். ஒரு வளைவுக்கு ஆறு, ஏழு இழுப்பு ஆகும்.

மற்றவர்களுக்கு ஆகும். நான் ஒரே இழுப்பில் எடுப்பேன். வால்காரன் ஓடிக்கொண்டே திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். சங்ககிரியிலிருந்து தூத்துக்குடி வரை எந்த டிரெய்லர்காரனைக் கேட்டாலும் 'ஒரே இழுப்பு' ராக்கியண்ணன் என்றுதான் சொல்வான். எங்கள் தொழிலில் அது பட்டம் வாங்கின மாதிரி. வளைவில் கூட்டம் கூடும், ஃபோனைத் தூக்கிப் படம் பிடிக்கும், நிற்காமல் வாங்கிக்கொண்டு போனால் விசிலடிக்கும். அந்த விசிலுக்கு முன்னால் சம்பளமெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

மார்ச் முதல் வாரம் புது இறக்கைகள் கிளம்புகின்றன. அதற்குள் தேறினால் முதல் இறக்கை எனக்கு. தேறாவிட்டால் இந்த ஜன்மத்தில் டிரெய்லர் கிடையாது. மேடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

ஜனவரி 12

வண்டியின் பக்கக் கண்ணாடி சின்னதாக இருக்கிறது. பெரியது மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 13

காலி டிரெய்லர். யார்டில் எட்டு டிரம் நிறுத்தி நடுவில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்கள். முப்பது வயதில் பீடியை வாயில் வைத்துக்கொண்டே எடுத்த ரிவர்ஸ். இன்று மூன்று டிரம்மைச் சாய்த்தேன். கிளட்ச் அடிக்கிறது என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் ஏறி ஓட்டிப் பார்த்துவிட்டு, கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கிறது அண்ணே என்றார். அவருக்கு என்ன தெரியும்.

ஜனவரி 16

பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. ஈஸ்வரி ஃபோனில் ஒரு பாட்டம் தீர்த்தாள். விபத்துக்குப் பிறகு பத்து மாதம் மச்சானின் பால் வேன்தான் ஓட்டினேன். அதையே ஓட்டிக்கொண்டு இருந்திருக்கலாமே, யார் வேண்டாம் என்றது என்கிறாள் என் பெண்டாட்டி. நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். பின்னால் எதுவும் வராது. ஆனால் பால் வேன் ஓட்டினவனாகச் சாக எனக்கு மனம் வரவில்லை.

இப்போதும் தூக்கத்தில் 'போயிரும், போயிரும்' என்று உளறுகிறேனா என்று கேட்டாள். தலைவலி போய்விடும் என்று சொல்லியிருப்பேன். எனக்கு அடிக்கடி தலை வலிக்கும்.

ஜனவரி 21

டிரெய்லரில் கான்கிரீட் கட்டைகளை ஏற்றி, யார்டு கேட்டைத் தாண்டி ஒரு சுற்று போய்வரச் சொன்னார்கள். கேட்டு வரைக்கும் போனேன். இன்ஜின் சூடாகியிருந்த மாதிரி தோன்றியது. நிறுத்தி ஆறவிட்டேன். நாற்பது நிமிடம் ஆற வேண்டியிருந்தது. வாட்ச்மேன் டீ கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ரிவர்ஸ் எடுத்து உள்ளேயே விட்டுவிட்டேன்.

ஜனவரி 22

நேற்று இன்ஜின் சூடாகவில்லை. அதை எழுதி வைக்கிறேன், எழுதாவிட்டால் மெக்கானிக் மேல் பழி விழும்.

ஜனவரி 28

இன்று கேட்டைத் தாண்டிவிட்டேன். பைபாஸில் நாலு கிலோமீட்டர், மூன்று ரவுண்டானா. வால்காரனாக அய்யாத்துரை வந்தார், தற்காலிக ஆள். ஒவ்வொரு ரவுண்டானாவிலும் அவர் 'வரட்டும்' என்கிறார், எனக்குக் கால் ஆக்சிலேட்டரை மிதிக்க மாட்டேன் என்கிறது. இறங்கி, வால் வரைக்கும் நடந்து, நானே கண்ணால் பார்த்துவிட்டு, திரும்ப நடந்து வந்து ஏறி இழுத்தேன். மொத்தம் ஏழு தடவை. டிராஃபிக் போலீஸ்காரர் என்ன ஐயா வண்டியோடு வாக்கிங் போகிறீரா என்று கேட்டார். அய்யாத்துரைக்கும் கோபம். நான் என்ன குருடனா என்றார்.

அவர் குருடர் இல்லை. இவ்வளவு வருடத்தில் இன்னொருத்தன் பேச்சைக் கேட்டு நான் வண்டி எடுத்ததே இல்லை, அதுதான் விஷயம். முன்பு என்மேல் நம்பிக்கை இருந்தது, யார் பேச்சும் வேண்டியிருக்கவில்லை. இப்போது அதுவும் இல்லை.

பிப்ரவரி 4

இன்று துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கைகளை இறக்கினார்கள். எத்தனையோ தடவை பார்த்ததுதான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வாய் பிளந்துதான் நிற்கிறேன். இரண்டு கிரேன் சேர்ந்து தூக்க, அது கப்பலின் வயிற்றிலிருந்து நிதானமாக எழுந்து வந்தது. வேர் என்கிற அடிப்பக்கத்தில் ஆள் நிமிர்ந்து நடந்து போகலாம், அவ்வளவு பெரிய வாய். நுனிப் பக்கம் உள்ளங்கை அகலம். மனுஷன்தான் இதைச் செய்தான் என்று யாராவது சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும். சுமைதூக்கும் ஆட்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நான் கிட்டே போய் அதன்மேல் கை வைத்தேன். வெயிலிலும் ஜில்லென்று இருந்தது. இதை இழுக்க எனக்கு என்ன தகுதி என்று முதல் தடவையாகத் தோன்றியது. பயம் இல்லை, அது வேறு. பெரிய கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டு, பாதி தூரம் போன பிறகு தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

பிப்ரவரி 9

மேடம் கூப்பிட்டார். மிக்கேல் கால் தேறி வேலைக்குத் திரும்புகிறானாம். முதல் இறக்கைக்கு அவனே வால்காரன். முன்னால் ஓட்ட யார் வேண்டும் என்று மேடம் கேட்க, ராக்கியண்ணன் அண்ணாச்சி இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் வரவில்லை என்று சொல்லியிருக்கிறான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் என்மேல் கோபமாக இல்லையா என்று கேட்டுவிட்டேன். எதற்குக் கோபம் என்று அவர் திருப்பிக் கேட்டு, பழைய ஃபைலை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கத்தில் என் வாக்குமூலம். வாக்கி வேலை செய்யவில்லை, கீழே என் கையெழுத்து. மறு பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து மிக்கேலிடம் எழுதி வாங்கியது. அதிலும் அதே வரி. வாக்கி வேலை செய்யவில்லை, நான் சொன்னது அண்ணாச்சிக்குக் கேட்டிருக்காது. இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதால்தான் ஃபைலை மூடினோம் என்றார் மேடம்.

டீ குடித்தீர்களா, முகம் ஒரு மாதிரி இருக்கிறதே என்றார். குடித்துவிட்டேன் என்றேன். குடிக்கவில்லை.

பிப்ரவரி 10

யார் படித்தாலும் படிக்கட்டும்.

வாக்கி நன்றாகத்தான் இருந்தது. ஆலடி விலக்கில் பாதி வளைவில் மிக்கேல் 'நில்லுங்க அண்ணாச்சி' என்றான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொன்ன மாதிரி அவ்வளவு தெளிவாகக் கேட்டது. கூட்டம் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தது. நின்றால் பட்டம் போகும். நான் பட்டனை அழுத்தி 'அட, போயிரும்' என்று சொல்லிவிட்டு இழுத்தேன். அப்புறம் கேட்டதுதான் அவன் சத்தம்.

நான் பேசியது அவனுக்குக் கேட்டது. வாக்கி வேலை செய்தது என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும், அதில் ஒருத்தன் அவன். கால் எலும்பு மூன்று துண்டாகிக் கிடக்கும்போது, நான் என்ன பொய் சொல்லியிருப்பேன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதே பொய்யை வார்த்தை மாறாமல் சொல்லியிருக்கிறான். எதற்கு? நானாக இருந்தால் சத்தியமாகச் செய்திருக்க மாட்டேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். இவனை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 13

மிக்கேல் வீட்டுக்குப் போனேன், வடக்கன்குளம் பக்கம். ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு தடவை போனது, ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். இன்று சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் போகும்போது நாலு விதமாகப் பேசிப் பார்த்துக்கொண்டேன்.

அவன் வாசலில் நின்று வாங்க அண்ணாச்சி என்று சிரித்தான். லேசாக விந்தி நடக்கிறான். வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினான். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தையல் போட்ட கோடு, உள்ளே இரும்புக் கம்பி. மழைக்கு முந்தின நாளே கம்பி சொல்லிவிடுகிறது, இனிமேல் வானிலை அறிக்கை கேட்க வேண்டாம் என்று கேலி பேசினான். அவன் மனைவி ஸ்டெல்லா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனார். அவருக்கும் தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

ஒரு மணி நேரம் இருந்தேன். டீசல் விலை பேசினோம். கணவாயில் இந்த வருடம் காற்று எப்போது எழும் என்று பேசினோம். சொல்லவில்லை. திரும்புகிற பஸ்ஸில் என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 21

மிக்கேலோடு யார்டில் முதல் பயிற்சி. இறக்கை நீளத்துக்கு வெறும் இரும்புச் சட்டம் ஏற்றியிருந்தார்கள்.

'வரட்டும்' என்றான். கால் நகரவில்லை. பழையபடி கதவைத் திறந்து இறங்கப் போனேன். அவன் வாக்கியில் மெதுவாக, "இறங்காதிய அண்ணாச்சி. இங்க நான் இருக்கேம்லா" என்றான். இறங்கவில்லை. கண்ணாடியை மடக்கி வைத்துவிட்டு, முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு, அவன் குரலுக்கு இழுத்தேன், குரலுக்கு நின்றேன். பதினாலு இழுப்பு. கடைசியில் இறங்கிப் போய்ப் பார்த்தால் டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவே, அவன் சொன்னபடி, ஒரு சாண் இடைவெளி. எட்டு டிரம்முக்கும் அதே ஒரு சாண்.

ஒன்பது வருடமாக இவன் எனக்குப் பின்னால் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான். நான் என் கையின் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஒரே இழுப்பு எல்லாவற்றிலும் இவன் வாலோடு ஓடி ஓடி, சுவர்களையும் கம்பங்களையும் காப்பாற்றிக்கொண்டே வந்திருக்கிறான். விசிலடித்தவர்கள் ஆளை மாற்றி அடித்திருக்கிறார்கள்.

மார்ச் 1

மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். முதல் இறக்கை எனக்கு. ஈஸ்வரிக்கு ஃபோன் போட்டேன். சாமிக்குக் காசு முடிந்து வைக்கிறேன் என்றாள். இப்போது போய் நிஜத்தைச் சொன்னால் வண்டி கைக்கு வராது. ஆலடி விலக்கைத் தாண்டிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 2

தாண்டிய பிறகு சொல்வதற்குப் பெயர் என்ன என்று யோசித்தேன். அதற்கும் 'போயிரும்' என்றுதான் பெயர்.

மார்ச் 4

விடிந்ததும் கிளம்பினோம். முன்னால் வழி விலக்க ஒரு பைலட் வண்டி, பின்னால் ஒரு பைலட் வண்டி. பின் வண்டியில் மேடம். இந்தத் தடவை எல்லாருக்கும் ஒரே வாக்கி அலைவரிசை, போன வருடம் எனக்கும் மிக்கேலுக்கும் மட்டும் தனியாக இருந்தது. நேர் ரோட்டில் மிக்கேலும் பின் வண்டியில் ஏறிக்கொள்வான், வளைவு வந்தால் இறங்கி நடப்பான்.

முதல் பத்து கிலோமீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அப்புறம் உடம்புக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. சுமை பின்னாலிருந்து முதுகைத் தொட்டுத் தொட்டு வருகிறது. அது எப்போது தள்ளும், எப்போது இழுக்கும் என்று இடுப்புக்குத் தெரிகிறது. இதைத்தான் பத்து மாதம் தேடிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தபோது அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

ஜனங்களைச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டை பைபாஸில் ஒரு ஆள் வாயில் பிரஷோடு ரோட்டோரம் வந்து நின்று, வண்டி முழுக்கப் போகிற வரை துலக்கவே இல்லை. ஆடு மேய்க்கிறவர் ஆடுகளை மறந்துவிட்டார். ஆடுகளும் நின்று பார்த்தன. ஒரு பூக்காரம்மா கூடையிலிருந்து ஒரு கை பிச்சிப்பூவை அள்ளி இறக்கைமேல் எறிந்து கும்பிட்டார். முன்பெல்லாம் இதை எனக்கான மரியாதை என்று எடுத்துக்கொள்வேன்.

மதியத்துக்கு மேல் நாங்குநேரி தாண்டி ஓரம் கட்டிவிட்டோம். பகலில் குறிப்பிட்ட நேரம்தான் ஓட்ட அனுமதி. மீதி நாளைக்கு.

மார்ச் 5

காலை ஒன்பதே காலுக்கு ஆலடி விலக்கு.

இடித்த சுவரைப் புதிதாகக் கட்டிப் பச்சைச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதே கூட்டம், அதே ஃபோன்கள். பின்னால் பஸ், கல்யாண வேன், பைக் எல்லாம் தேங்கி ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. மிக்கேல் இறங்கி, சுவருக்கும் வாலுக்கும் நடுவில், போன வருடம் நின்ற அதே இடத்துக்குப் போனான். அங்கே நின்றால்தான் இடைவெளி தெரியும், வேறு வழி கிடையாது. அந்தக் காலோடு, எனக்குப் பின்னால், மறுபடியும் அங்கே போய் நிற்கிறான். அதைவிடப் பெரிய தைரியத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

வரட்டும். நில்லுங்க. வரட்டும். நில்லுங்க. ஐந்து இழுப்பு ஆயிற்று. ஆறாவது தடவை 'நில்லுங்க' வந்தது, வளைவின் சரிபாதி. நின்றேன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். அவன் பின்சக்கரத்தைத் திருப்புகிற சத்தம் கேட்டது. கூட்டத்தில் எவனோ 'இழுங்கண்ணே, போயிரும்' என்று கத்தினான்.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. சொன்னால் இதுதான் கடைசி வண்டியாகவும் இருக்கலாம், அதுவும் தெரிந்தது. வாக்கியை எடுத்துப் பட்டனை அழுத்தினேன்.

"ராக்கியண்ணன் பேசறனுங்க. மேடம், எல்லாரும் கேட்டுக்கங்க. போன வருசம் இதே எடத்துல வாக்கி நல்லாத்தான் இருந்துச்சு. மிக்கேலு நில்லுங்கன்னு சொன்னான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. போயிரும்னு சொல்லிப்போட்டு நாந்தான் இழுத்தன். தப்பு என்னுதுங்க. அவன் எனக்காகப் பொய் சொன்னான்."

வாக்கியில் ஒரு சத்தமும் இல்லை. ஹாரன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டி எடு, எடு என்றார். வால்காரர் சொல்லணுமுங்க என்றேன். அவர் கத்தினார். நான் ஆக்சிலேட்டர் பக்கம் காலைக் கொண்டுபோகவே இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் எந்த வளைவிலும் நான் இப்படி நின்றதில்லை. நிற்க நிற்க மனசில் ஒரு பலம் ஏறுவதை உணர்ந்தேன். நிஜமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்குப் பயம் துளிகூட இல்லை.

பிறகு மிக்கேல் குரல் வந்தது.

"அண்ணாச்சி, பேச்செல்லாம் பொறவு பேசிக்கிடலாம். வாலு இன்னும் ஒரு முழம் கெடக்கு. முன்னால பாருங்க. வரட்டும்."

இழுத்தேன். மொத்தம் பதினோரு இழுப்பு, முப்பத்தெட்டு நிமிடம். யாரும் விசிலடிக்கவில்லை.

மதியம் கணவாயில் கொண்டுபோய் நிறுத்தினேன். நாலு பக்கமும் காற்றாலைகள், ஒன்று விடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. மிக்கேல் ரிமோட் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்தான். சிரிக்கவில்லை. எதற்குடா எனக்காகப் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"நெசத்தச் சொன்னா அன்னைக்கே உங்கள வெளிய அனுப்பிருப்பாவ. நீங்க சங்ககிரியில போய் உக்காந்துக்கிடுவிய. பொறவு எப்ப வந்து எங்கிட்ட சொல்லப் போறிய?" என்றான். "கால் வலியக்கூடப் பொறுத்துக்கிட்டேன் அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்கு வந்திய, வீட்டுக்கு வந்திய, ஒரு வார்த்த சொல்லல. அத என்னால பொறுக்க முடியல. ஒரு வருசம் ஆக்கிட்டியளே."

அவன் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். மன்னித்துவிடு என்று சொன்னேன். தலையை ஆட்டினான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 6

நேற்று சொன்னதை மேடம் எழுத்தில் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். மிக்கேலின் வாக்குமூலத்தை மாற்றி எழுதி வாங்கினார், அவனுக்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். எனக்கு ஆறு மாதம் டிரெய்லர் கிடையாது. செப்டம்பரில் மறுபடி டெஸ்ட், தேறினால் பார்க்கலாம்.

போகிறபோது மேடம், நேற்று நீங்கள் நின்றது எனக்குப் பிடித்திருந்தது, அதை வைத்து ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது என்றார். குறைக்க வேண்டாங்க என்றேன். செப்டம்பரில் தேறுவேன். இதை வீம்புக்கு எழுதவில்லை.

மார்ச் 10

ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். இரண்டாவது இறக்கை இன்று கிளம்பி வந்தது, வேறு டிரைவர். பஸ் பிடித்து ஆலடி விலக்கில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றேன். ரோட்டில் ஒரு இறக்கை போவதை இத்தனை வருடத்தில் நான் வெளியே நின்று பார்த்ததே இல்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் கண்ணாடியில் தெரிகிற ஒரு வெள்ளைத் துண்டுதான்.

வந்தது. முதலில் வேர், அப்புறம் வயிறு, வந்துகொண்டே இருக்கிறது. அதன் நிழல் டீக்கடைமேல் ஏறி, மெடிக்கல் ஷாப்மேல் ஏறி, எங்கள் எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாக மூடித் திறந்து போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு பெரியதையா நான் விசிலுக்காக இழுத்தேன் என்று நினைத்தேன்.

வாலோடு மிக்கேல் விந்தி விந்தி வந்தான். என்னை இரண்டடி தூரத்தில் கடந்தான், பார்க்கவில்லை. கண் சக்கரத்திலேயே இருந்தது. வாக்கியில் 'நில்லுங்க' என்றான், இருநூறு அடிக்கு அப்பால் வண்டி நின்றது. மறுபடி கொஞ்சம் போய், மறுபடி நின்றது.

பக்கத்தில் நின்ற ஆள் சலித்துக்கொண்டார். "என்னவே இது, பத்தடிக்கு ஒருக்கா நிப்பாட்டுதான்? ஓட்டத் தெரியாத பயலையில்லா ஏத்தி உட்டுருக்கான்."

"ஓட்டத் தெரிஞ்சவருங்க. அதனாலதான் நிக்கறாரு" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.